கமிஷன் ஜீரோ, சரி... கைக்கு எவ்வளவு வரும்? ஒரு பழைய மெஷினும் மூன்று விலையும்



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல இருபது வருஷமா ஜாப் ஒர்க் பட்டறை நடத்திட்டிருந்த ஒரு அண்ணன், பட்டறையை மூடிடலாம்னு முடிவு பண்ணினார். வயசு 58. பெரிய ஆர்டர் நின்னு போச்சு, பையனுக்கு இந்தத் தொழிலில் இஷ்டம் இல்லை. பதினோரு தொழிலாளிகள். அவங்களுக்கு கிராஜுவிட்டி கொடுக்கணும். சட்டப்படி அதுக்கு 30 நாள்தான் கெடு, தாண்டினால் வட்டியும் சேரும். கையில் ரொக்கம் இல்லை. இருக்கிறது மெஷின்கள்தான்.

என்கிட்ட வந்து கேட்ட முதல் கேள்வி: "ஆடிட்டர் தம்பி, எங்க வித்தா கமிஷன் கம்மி?"

"அண்ணே, எங்க வித்தா கைக்கு அதிகம் வரும்னு கேளுங்க. ரெண்டும் வேற வேற கேள்வி" என்றேன்.

வீடியோவில் இந்தக் கணக்கை வேகமா சொல்லிட்டேன். எழுத்தில் வேணும்னு நிறைய பேர் கேட்டதால் இந்தப் பதிவு. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். தொகைகளை மட்டும் ரவுண்டாக்கி இருக்கேன்.

மூன்று விலை

அவரிடம் இருந்ததில் பெரிய பொருள் ஒரு பழைய சிஎன்சி லேத். அதுக்கு மூணு வழியில் விலை வந்தது. எல்லாமே ஜிஎஸ்டி இல்லாத தொகை.

முதலாவது, பழைய மெஷின் வியாபாரி. ₹6,00,000. பணத்தை வங்கியில் போட்டுட்டு மறுநாளே தன் செலவில் கிரேன் வைத்துத் தூக்கிட்டுப் போயிடுவார். கமிஷன் எதுவும் கிடையாது.

இரண்டாவது, ஒரு ஏல நிறுவனம். ₹7,00,000 வரை போகும்னு சொன்னாங்க. விற்பவரிடம் 5% கமிஷன்.

மூன்றாவது, ஆன்லைன் விளம்பரத் தளம். கோயம்புத்தூர்காரர் ஒருவர் ₹7,10,000 தர்றேன்னார். தளத்துக்குக் கமிஷன் ஜீரோ.

இதை மட்டும் பார்த்தால் ஆன்லைன்தான் ஜெயிக்குது, இல்லையா? இப்போ ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்போம்.

ஏலத்தில் நடப்பது என்ன?

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" சொல்லி முடியும் விலை ₹7,00,000. அதில் 5% போனால் ₹35,000. மீதி ₹6,65,000. நல்லாத்தானே இருக்கு?

ஆனா அந்த நிறுவனத்தின் நிபந்தனைத் தாளில் இன்னொரு வரி இருந்தது. ஏலம் எடுப்பவர் தனியா 10% கட்டணும். அண்ணன் சொன்னார், "அது அவன் பாடு, எனக்கென்ன?"

அங்கதான் விஷயம் இருக்கு. ஏலத்துக்கு வர்றவர் "இந்த மெஷினுக்கு மொத்தமா ₹7,70,000-க்கு மேல போகக்கூடாது"ன்னு மனசுல ஒரு கணக்கோட வருவார். 10% தனியா கட்டணும்னா, ஏழு லட்சத்தோடு கையை இறக்கிடுவார். ஆக, வாங்குபவர் கையிலிருந்து ₹7,70,000 போகுது, விற்பவருக்கு ₹6,65,000 வருது. நடுவில் நின்னது ₹1,05,000. அதாவது 13.6%. தாளில் தெரிஞ்சது 5% மட்டும்தான்.

அடுத்தது நாள் கணக்கு. பார்வையிட வருபவர்கள், ஏலத் தேதி, பணம் வந்து சேர்வது எல்லாம் சேர்த்து இரண்டு மாதம். அதுவரை ஷெட் வாடகையும் இபி டிமாண்ட் சார்ஜும் ஓடும். அவருக்கு அது மாதம் ₹25,000. இரண்டு மாதத்துக்கு ₹50,000. ஆக, கைக்கு வருவது ₹6,15,000.

ஆன்லைனில்? விளம்பரத்தை மேலே காட்ட ₹10,000. கோயம்புத்தூர்வரை அனுப்ப கிரேன், லாரி ₹40,000. ஓட்டிப் பார்த்துத்தான் முழுப் பணம்னு சொன்னதால் அங்கேயும் இரண்டு மாதம், ₹50,000. கைக்கு ₹6,10,000.

₹6,00,000, ₹6,15,000, ₹6,10,000. ஒரு லட்சம் வித்தியாசம்னு தெரிஞ்சது, ₹15,000-ல் வந்து நின்னுடுச்சு!

இது கும்மிடிப்பூண்டிக் கதை மட்டுமில்லை

லண்டனில் 1744-ல் தொடங்கிய சோதபீஸ், 1766-ல் தொடங்கிய கிறிஸ்டீஸ் இரண்டும் உலகின் பெரிய ஏல நிறுவனங்கள். வாங்குபவரிடமும் கட்டணம் வாங்கும் வழக்கத்தை இரண்டும் 1975-ல் லண்டனில் கொண்டுவந்தன. பின்னாடி 1990-களில், விற்பவர் கமிஷனை இரண்டும் ரகசியமாகப் பேசி ஒரே மாதிரி வைத்துக்கொண்டது வெளியே வந்தது. வழக்கு போட்டவர்களுக்கு 51.2 கோடி டாலர் கொடுத்துத்தான் முடித்தார்கள். சோதபீஸ் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மேன் சிறைக்கும் போனார்.

2024-ல் சோதபீஸ் வாங்குபவர் கட்டணத்தை 20 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்கு விற்பவரிடம் முதல் 5 லட்சம் டாலருக்கு 10%னு கறாரா விதித்தது. ஒரு வருஷம்கூட முழுசா ஓடலை. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, வாங்குபவரிடம் 20 லட்சம் டாலர் வரை 27%னு ஏற்றியது. காரணம் எளிது. நல்ல பொருள் வைத்திருப்பவரை இழுக்கணும்னா, கட்டணம் அவர் கண்ணில் படக்கூடாது.

ஆன்லைனிலும் இதே கதைதான். பிரிட்டனில் இபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளர்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் வாங்குபவரிடம் 'பாதுகாப்புக் கட்டணம்'னு ஆரம்பித்தது. பில்லில் பெயர் மாறிச்சு, அவ்ளோதான்.

நம்ம ஊர் 'ஜீரோ கமிஷன்'

மீஷோ 2021-லேயே கமிஷன் ஜீரோன்னு அறிவிச்சது. அமேசான் 2025 ஏப்ரலில் ₹300-க்குக் கீழான பெரும்பாலான பொருட்களுக்குக் கமிஷனை எடுத்தது. ஃப்ளிப்கார்ட் 2025 நவம்பரில் ₹1,000-க்குக் கீழ் அதையே செய்தது. இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனா டெலிவரி, விளம்பரம், ரிட்டர்ன் செலவு எல்லாம் தனி.

நம்ம மாவட்டத்தின் இன்னொரு தொழிலை எடுத்துக்கோங்க. பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலைப் பெட்டி பின்னுகிறார்கள். ஒரு பெட்டி ₹280-னு வைப்போம். கமிஷன் ஜீரோ. டெலிவரியும் மற்ற நிலையான கட்டணங்களும் சேர்த்து உதாரணத்துக்கு ₹75. அதன் மேல் 18% ஜிஎஸ்டி ₹13.50. மொத்தம் ₹88.50. நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 32 ரூபாய் போயிடுச்சு!

ஏழு லட்ச ரூபாய் மெஷினில் ₹88.50 ஒரு டீச்செலவு. ₹280 பெட்டியில் அது ஓலைக்கான காசு. அதனால், சின்னப் பொருள் விற்பவர் ரூபாய்க் கட்டணத்தைப் பாருங்க. பெரிய பொருள் விற்பவர் சதவீதத்தைப் பாருங்க. ஓலைப் பெட்டியை ஒண்ணொண்ணா அனுப்பாம மூணு சேர்த்து ஒரு செட்டா விற்றாலே கணக்கு மாறும்.

போன காசு, திரும்பும் காசு

பிடித்தம் எல்லாமே நஷ்டம் இல்லை. இதில்தான் நிறைய பேர் குழம்புறாங்க.

போன காசு: கமிஷன், டெலிவரி, விளம்பரம், காத்திருந்த நாளுக்கான வாடகை. இது திரும்பாது.

திரும்பும் காசு: கமிஷன் மேல் வரும் 18% ஜிஎஸ்டி. பதிவு பெற்றவர் இன்புட் கிரெடிட் எடுக்கலாம். அண்ணனுக்கு ஏலத்தில் ₹35,000 கமிஷன்னா ஜிஎஸ்டி ₹6,300. மெஷின் விற்பதற்குக் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழிச்சுக்கலாம். அதனால்தான் சொல்றேன், எல்லாத்தையும் விற்று முடிக்கும் முன்னாடி ஜிஎஸ்டி பதிவை ரத்து பண்ணிடாதீங்க. பழவேற்காட்டு அம்மாவுக்குப் பதிவு இல்லைன்னா, அந்த ₹13.50 போன காசுதான்.

மாட்டிக்கிட்டு பிறகு வரும் காசு: ஆன்லைன் தளம் பிடிக்கும் டிடிஎஸ், 2024 அக்டோபர் 1 முதல் 0.1%. முன்னாடி அது 1%. ஜிஎஸ்டி டிசிஎஸ், 2024 ஜூலை 10 முதல் 0.5%. இரும்பு ஸ்கிராப்பை ஜிஎஸ்டி பதிவுள்ளவர் பதிவுள்ளவருக்கு விற்றால், ஒப்பந்தம் ₹2.5 லட்சத்தைத் தாண்டும்போது 2024 அக்டோபர் 10 முதல் 2% ஜிஎஸ்டி டிடிஎஸ். ரோலிங் மில்லுக்கு ஸ்கிராப் போடும் நம்ம பகுதிக்காரர்கள் இதைக் கண்டிப்பா கவனிக்கணும். ரிட்டர்னில் கேட்டு வாங்கலைன்னா இதுவும் போன காசாகிடும்.

விற்கும் முன் கேட்க வேண்டியவை

1. வாங்குபவர் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகுது, என் கைக்கு எவ்வளவு வருது?
2. பணம் எந்தத் தேதியில் வரும்? அதுவரை மாதம் எனக்கு என்ன செலவு?
3. ஏலத்தில் குறைந்தபட்ச விலை வைக்கலாமா? விற்கலைன்னா எனக்கு ஏதாவது கட்டணம் உண்டா?
4. கிரேன், லாரி, ரிட்டர்ன் செலவு யார் தலையில்?
5. பொருள் வாசலைத் தாண்டும் முன் பணம் கணக்கில் ஏறுமா? "க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்"னு யாராவது சொன்னா உடனே போனை வைங்க. ஸ்கேன் பண்ணினால் பணம் போகுமே தவிர வராது.

கடைசியில் என்ன ஆச்சு?

அண்ணன் ஏல நிறுவனத்தின் நிபந்தனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வியாபாரியிடமே திரும்பிப் போனார். "ஏலத்துக்கு விட்டா ஏழு வரை போகும்னு சொல்றாங்க"ன்னு மட்டும் சொன்னார். வியாபாரி அரை மணி நேரம் மெஷினைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு ₹6,40,000-க்கு ஒத்துக்கிட்டார். ஆர்டிஜிஎஸ் வந்த பிறகுதான் கிரேன் உள்ளே வந்தது.

ஏலத்துக்கே விடாத மெஷினுக்கு, ஏலத் தாள் மட்டும் ₹40,000 கூடுதலா வாங்கிக் கொடுத்தது. அதனால் ஒரு வழியில்தான் விற்கப் போறீங்கன்னாலும், மத்த ரெண்டு வழியிலும் விலை கேட்டு வைங்க. கேட்பதற்குக் கமிஷன் கிடையாது.

வெர்னியர், மைக்ரோமீட்டர் மாதிரி சின்னக் கருவிகளை ஆன்லைனில் போட்டார். நாலஞ்சு மாசமா ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு. அதுக்கு வாடகை இல்லை, வீட்டு அலமாரியில்தான் இருக்கு. காத்திருக்கலாம்.

பதினோரு பேருக்கும் கிராஜுவிட்டி 26-ம் நாள் கணக்கில் ஏறிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணினார். "தம்பி, எல்லாருக்கும் போட்டாச்சு. இனிமே நிம்மதியா தூங்குவேன்."