கணுக்காலில் இரண்டு கப்பிகள்

ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம் எல்லாம் இரட்டைப்படைக் குளம்பிகள். உடலின் எடையை நடுவிரல்கள் இரண்டும் சமமாகத் தாங்குவது இவற்றின் அடையாளம். ஆனால் இந்தக் குலத்தின் மூதாதையரைப் பாறைகளில் தேடுபவர்கள் குளம்பை விட்டுவிட்டு, கணுக்காலில் உள்ள ஒரு சிறு எலும்பைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

குதிரைக்கும் அந்த எலும்பு உண்டு. அதன் மேல்முனை கிணற்றுக் கப்பி போல நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். கீழ்முனை கிட்டத்தட்டத் தட்டை. இரட்டைப்படைக் குளம்பிகளுக்கோ கீழ்முனையும் கப்பிதான். அதனால் பாதம் முன்னும் பின்னும் தாராளமாக மடங்கும், பக்கவாட்டில் பிசகாது. துள்ளிப் பாயும் விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான மூட்டு இல்லை.

சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டயகோடெக்சிஸ் என்னும் ஆதிக் குளம்பியிடமே இந்த இரட்டைக் கப்பி இருக்கிறது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த அதன் எலும்புக்கூட்டை 1982இல் கென்னத் ரோஸ் விவரித்தார். முயலளவு உடல், நீண்ட பின்னங்கால்கள். முன்காலில் இன்னும் ஐந்து விரல்கள்! விரல்கள் குறைவதற்கு முன்பே கணுக்கால் மாறிவிட்டது என்பதுதான் இதில் என்னை வியக்க வைக்கிறது. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும் இதன் உறவினங்கள் கிடைத்துள்ளன.

திமிங்கிலம் எங்கிருந்து வந்தது என்ற வழக்கைத் தீர்த்ததும் இந்த எலும்புதான். மெசோனிக்கிட் என்ற ஊனுண்ணிகளிலிருந்து வந்தது என்றே புதைபடிவ ஆய்வாளர் பலர் நம்பினர். மரபணு ஆய்வுகளோ இரட்டைப்படைக் குளம்பியான நீர்யானையை நெருங்கிய உறவாகக் காட்டின. பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளை 2001இல் இரு குழுக்கள் விவரித்து வெளியிட்டன. இரண்டிலும் இரட்டைக் கப்பி. மெசோனிக்கிட் கருத்தை ஆதரித்துவந்த பிலிப் கிங்கரிச் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

அடுத்த சான்று ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டிலிருந்து வந்தது. நிலவியலாளர் ரங்கா ராவ் அங்கே சேகரித்த பாறைகள், அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி மூலம் புதைபடிவ ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் வந்தன. ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தபோது, காதெலும்பின் உட்சுவர் திமிங்கிலத்துக்கு உள்ளதுபோலத் தடித்திருந்தது தெரிந்தது. இன்டோஹ்யஸ் என்னும் அந்தச் சிறு குளம்பி விலங்கு 4.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதன் கால் எலும்புகள் நீர்யானைக்குப்போலக் கெட்டியானவை. நீரில் மிதந்துவிடாமல் அடியில் நடக்க அந்தக் கனம் உதவும். அது திமிங்கிலத்தின் நேர் மூதாதை அன்று. அதன் காலத்தில் திமிங்கிலங்கள் தோன்றிவிட்டன. இரண்டுக்கும் பொதுவான மூதாதையும் தண்ணீரில் இறங்கப் பழகிய சிறு குளம்பியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது தெவிசன் குழுவின் முடிவு.