வளைந்த காது, வெள்ளை மேனி

ஆவணி பிறந்துவிட்டால் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் களைகட்டிவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட் வண்டி பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது வெள்ளைக் குதிரைதான்.

நிறத்தைவிட, காதைப் பார்ப்பது சுவாரசியம். இரண்டு காதுகளும் உள்பக்கமாக வளைந்து நுனிகள் தொட்டுக்கொண்டால், அந்த உடம்பில் மார்வாரி ரத்தமோ அதன் பங்காளியான குஜராத்தின் காட்டியவாரி ரத்தமோ ஓடுகிறது.

மார்வாரியின் பூர்வீகம் ஜோத்பூர்ச் சீமை. அதை வளர்த்தவர்கள் ராத்தோர் ராஜபுத்திரர்கள். கட்ச் கரையில் உடைந்த கப்பலிலிருந்து தப்பிய ஏழு அரபுக் குதிரைகளிலிருந்து இந்த இனம் வந்தது என்றொரு கதை உண்டு. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அரபுக் கலப்பு மட்டும் நிஜம். உயரம் ஏறக்குறைய ஐந்து அடி. அதிகம் சரியாத தோளும் நீண்ட காலும் இருப்பதால் ஆழ மணலில் புதைந்த காலைச் சட்டென்று உருவிக்கொள்ளும். குளம்பு கெட்டி, பல குதிரைகளுக்கு லாடமே தேவைப்படாது. ‘ரெவால்’ என்ற குலுங்காத நடை பலவற்றுக்குப் பிறவியிலேயே வரும்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் காது கேலிப்பொருள். அவர்கள் தரோபிரெட் குதிரையைத் தூக்கிப் பிடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் ஜமீன்களும் போக, மார்வாரி பொதி சுமந்தது, பல கொல்லப்பட்டன. சுதந்திரத்துக்கு முன்பே, 1930-களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங்கும், பிறகு அவர் பேரன் கஜ் சிங்கும் காப்பாற்றியிருக்காவிட்டால் இனமே மிஞ்சியிருக்காது.

தமிழ்நாட்டில் இவற்றைக் கூட்டமாகப் பார்க்க ஈரோடு மாவட்டம் அந்தியூர் போக வேண்டும். கல்யாணம் நடக்காத ஆடியில்தான் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தை. ஆவணி முகூர்த்தத்துக்கு வாகான நேரம்! வாங்குகிறவர் பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். நெற்றியும் நான்கு காலும் வெளுத்த பஞ்சகல்யாணிக்கு ராஜஸ்தானிலும் ராசி, இங்கேயும் ராசி.

ஊர்வலத்தில் கொண்டாடப்படும் வெள்ளையில் இரண்டு ரகம். கருந்தோல் தெரிந்தால் அது சாம்பல் குதிரை. கறுத்தோ பழுப்பாகவோ பிறந்து, வயதாக ஆக வெளுத்தது. மார்வாரி வளர்ப்பவர்களிடம் இதற்கு நல்ல மதிப்பு. இளஞ்சிவப்புத் தோலும் வெளிறிய கண்ணுமாகப் பிறக்கும் ‘நுக்ரா’வுக்குத்தான் கல்யாண வீடுகளில் கிராக்கி. மார்வாரி இனப் பதிவேட்டில் அந்த வெள்ளைக்கு இடமில்லை.