உங்களுக்குத் தெரியுமா? - இருமினால் கசிகிறதா?

★ இருமும்போது, தும்மும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்தால், "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்டி" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நிறையப் பேருக்கு வருவதென்னவோ நிஜம். அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பயிற்சியிலேயே குறையும்.

★ முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் கிடக்கின்றன இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை இவைதான். பிரசவம், தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், உடல் பருமன் ஆகியவை இவற்றைத் தளர்த்தும்.

★ 'கெகல் பயிற்சி' என்கிறார்களே, அந்தக் கெகல் ஒரு மனிதர். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல், 1948-இல் இதைப் பற்றி எழுதினார். தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பெண்ணே அளவு காட்டும் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு கருவியும் செய்தார். கருவி இல்லாமலும் செய்யலாம். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் பின்பக்கத்தைச் சுருக்கி, அந்த இழுப்பை முன்பக்கம் வரை உள்நோக்கி மேலே கொண்டுவாருங்கள். சில விநாடிகள் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. ஒரு தடவைக்கு 8 முதல் 12 முறை, நாளுக்கு 3 தடவை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதுகூடச் செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. 3 மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

★ சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வது தவறு. பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

★ தும்மல் வருவது தெரிந்ததும் அந்தத் தசையை ஒரு பிடி பிடித்துக்கொண்டு தும்மிப் பாருங்கள். லேசான கசிவு உள்ள வயதான பெண்களிடம் இதைச் சோதித்து 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரே வாரப் பழக்கத்தில் இருமும்போது வரும் கசிவு குறைந்தது.

★ எல்லோருக்கும் தசை தளர்ந்தே இருக்கும் என்றில்லை. சிலருக்கு இறுகிப்போய், தாம்பத்தியத்திலும் மலம் கழிப்பதிலும் வலி இருக்கும். அவர்கள் கெகல் செய்தால் வலி கூடலாம். முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

★ கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். ஆனால் பாத்ரூம் போக விடாத இடத்தில் வேலை பார்ப்பவர் வேறென்ன செய்வார்? ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது.

★ 'அடி இறங்கிடுச்சு' என்று கிராமத்தில் சொல்வது, இந்தத் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பை கீழே இறங்குவதைத்தான். நேபாளத்தில், பிரசவம் முடிந்த கையோடு சுமை தூக்கும் பெண்களிடம் இது மிக அதிகம். அரசு இதைக் கவனிக்காமல் விட்டது உரிமை மீறல் என்று 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆபரேஷன் வேண்டாதவர்களுக்கு, உள்ளே வைத்துத் தாங்கும் சிலிக்கான் வளையம் இருக்கிறது. பழைய கிரேக்க மருத்துவர்கள் இப்படித் தாங்குவதற்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்தார்களாம்!

★ சிறுநீரில் ரத்தம், கீழே ஏதோ தட்டுப்படுவது, சிறுநீர் வராமல் அடைப்பது இருந்தால் பயிற்சியை நம்பி நாள் கடத்த வேண்டாம். மற்றவர்கள், வேறு எதற்காகவோ டாக்டரிடம் போகும்போதாவது "இருமினா கசியுது" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.