டெபிட் காலு... கிரெடிட் காலு!

"கிரேப்வைன்!" என்று கத்தினார் மாஸ்டர்.

ஆஹா, திராட்சை ஜூஸ் தரப் போறாங்க போலிருக்கு என்று நான் அப்படியே நின்றேன். மற்ற எல்லோரும் ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலைப் போட்டு, பக்கவாட்டில் நகர்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவன் நேராக வந்து என் மேல் மோதினான். அவன் மேல் இன்னொருத்தன். ஒரு வரிசையே சரிந்தது!

கிரேப்வைன் என்பது ஜூஸ் இல்லை, ஏரோபிக்ஸில் ஒரு ஸ்டெப் என்று எனக்குத் தெரிந்தபோது, 'திராட்சை' என்று பட்டப் பெயரே வைத்துவிட்டிருந்தார்கள்.

2006. திருச்சியில் பி.காம். இரண்டாம் வருஷம். எடை 82 கிலோ. ஸ்கூல் மாஸ் டிரில்லிலேயே என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட நான் காலை ஆறு மணிக்கு ஏரோபிக்ஸ் வகுப்புக்குப் போனேன் என்றால், அதற்கு ஆரோக்கியம் காரணம் இல்லை. "பக்கத்து லேடீஸ் காலேஜும் ஜாயிண்ட்டா வருதாம்டா" என்று ஹாஸ்டலில் ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்ட வதந்திதான் காரணம். பவுடர் பூசி, இஸ்திரி போட்ட டீ-ஷர்ட்டில் போய் நின்றால்... நாற்பது தடியன்கள், ஒரு சி.டி. பிளேயர். அவ்வளவுதான்!

இல்லை, இன்னொருத்தரும் இருந்தார். எங்கள் காலேஜ் ஆபீஸ் அட்டெண்டர். ஐம்பது வயதிருக்கும். காக்கி பேண்ட்டை மடித்துவிட்டு, வெறுங்காலோடு கடைசி வரிசையில் நின்றிருந்தார். 'அப்பாடா, நம்மைவிட மோசமா ஆட ஒரு ஆள் இருக்கு' என்று நான் அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

இந்த ஏரோபிக்ஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்க விமானப்படை டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சீராக வேலை கொடுக்கணும் என்பதுதான் சாரம். அடுத்த வருஷமே ஜாக்கி சோரன்சன் என்ற பெண்மணி அதை நடனத்தோடு சேர்த்து, கூட்டமாக ஆடவிட்டார். பாட்டை எட்டு எட்டாக எண்ணுவார்கள். நாலு எட்டு, முப்பத்திரண்டு. அதோடு ஒரு சுற்று முடியும். கேட்க சுலபம்தான். ஆனால், மாஸ்டர் நம்மைப் பார்த்து நின்றுகொண்டு "ரைட்!" என்று சொல்லிவிட்டுத் தன் இடது காலை நகர்த்துவாரே, அங்கேதான் சிக்கல். ஏமாற்று வேலை இல்லை. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்வது. எனக்கு அந்த வசதியிலேயே தலை சுற்றியது.

போதாக்குறைக்கு நடுவில் "அபவுட் டர்ன்!" என்றார். கடைசி வரிசை பத்திரமான இடம் என்று நினைப்பவர்களே, கேளுங்கள். எல்லோரும் திரும்பினால் கடைசி வரிசைதான் முதல் வரிசை! நாற்பது ஜோடிக் கண்கள் என் முதுகில். நான் ஆடினதைப் பார்த்து மாஸ்டரே பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலில் வலி. அதற்கு மறுநாள் அதைவிட வலி. ஹாஸ்டல் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். உடற்பயிற்சிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை இப்படி வலிப்பது சகஜம். லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் பழக்கமில்லாத வேலை செய்த தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய சேதம் அது. தானே சரியாகிவிடும். இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? 'கால் போச்சு' என்று வகுப்புக்கு முழுக்குப் போட்டேன்.

நாலாம் நாள் பரீட்சை ஃபீஸ் கட்ட ஆபீஸுக்குப் போனபோது அட்டெண்டர் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, வர்றதில்லே?"

"எல்லாரும் சிரிக்கறாங்கண்ணே."

"என்னைப் பார்த்தும்தான் சிரிக்கறாங்க. நீங்ககூட சிரிச்சீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஃபைலைக் கட்டியபடியே தொடர்ந்தார். "எங்கப்பாவுக்கு சக்கரையிலே வலது காலை எடுத்துட்டாங்க தம்பி. எனக்கும் போன மாசம் டெஸ்ட் பண்ணி, சக்கரை இருக்குன்னுட்டாங்க. டாக்டரு நடக்கச் சொன்னாரு. தனியா நடந்தா ரெண்டு நாள்ல விட்டுடுவேன். அதான் பி.டி. சார்கிட்ட கெஞ்சிக் கேட்டு உள்ளே வந்தேன். ரெண்டு காலும் இருக்கும்போதே ஆடிப் பார்த்துடணும் இல்லே?"

மறுநாள் ஆறு மணிக்கு நான் கிரவுண்டில் இருந்தேன்.

முதல் காரியமாக, அவரை வெறுங்காலோடு ஆட வேண்டாம் என்று பி.டி. சார் தடுத்தார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப் போகலாம், காயம் பட்டாலும் தெரியாது. அவரே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார்.

இடது-வலது பிரச்னைக்கு நானே வைத்தியம் கண்டுபிடித்தேன். ரைட், லெஃப்ட் குழம்பலாம். ஆனால் காமர்ஸ் படிக்கிறவனுக்கு டெபிட், கிரெடிட் குழம்புமா? லெட்ஜரில் இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். அது ரத்தத்தில் ஊறியது!

"என்ன தம்பி, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கறீங்க?"

"டெபிட் காலு... கிரெடிட் காலுண்ணே."

அவருக்கும் பிடித்துப் போனது. ஆபீஸில் வவுச்சர் சுமக்கிற மனுஷராச்சே! கடைசி வரிசையிலிருந்து இரண்டு குரல்கள் "டெபிட்... கிரெடிட்..." என்று எண்ண ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் எங்கள் வரிசை முழுக்கவே அப்படித்தான் எண்ணியது.

ஒன்று கவனித்தேன். தனியாக ஓடினால் ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுகிற நான், அவர் பக்கத்தில் இருந்தால் உட்காரவில்லை. 'ஐம்பது வயசு மனுஷர் நிக்கறாரு, நாம உட்காரலாமா' என்று எனக்கு. 'சின்னப் பையன் ஆடறானே' என்று அவருக்கு. 1920-களில் பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற மனோதத்துவக்காரர் படகுப் போட்டி வீரர்களை வைத்து இதைச் சோதித்தார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு எடையைத் தூக்கணும். ஒருத்தர் விட்டால் ஆட்டம் முடிந்தது. அப்போது பலவீனமான ஆள், தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப் பிடித்தார். இருவருக்கும் பலத்தில் ஓரளவு வித்தியாசம் இருந்தபோது பலன் அதிகம். ஏணி வைத்தாலும் எட்டாத ஆளோடு சேர்ந்தால் பலன் குறைவு. ஆக, முதல் வரிசை பயில்வானைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட, நம்மைவிடக் கொஞ்சம் தேவலாம் என்கிற ஆள் பக்கத்தில் நிற்பது உத்தமம்.

மூன்று மாதத்தில் என்ன ஆச்சு? சிக்ஸ் பேக் வந்தது என்று எழுத ஆசைதான். மூன்று கிலோ குறைந்தது. ஆனால், முக்கால் மணி நேரம் நிற்காமல் ஆட முடிந்தது. அட்டெண்டர் ஒரு நாள் ரிப்போர்ட்டை மடித்துக் கொண்டுவந்து காட்டினார். "மாத்திரையை நிறுத்தலே தம்பி. ஆனா கூட்டவும் இல்லே." ஒரு பேலன்ஸ் ஷீட் டேலி ஆனபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு வேலை, நாற்காலி, தொப்பை என்று உங்கள் எல்லோருடைய கதைதான் எனக்கும். போன வருஷம் சட்டையின் கீழ்ப் பொத்தான் விடைபெற்றபோது, பக்கத்துத் தெருவில் ஸூம்பா வகுப்பில் சேர்ந்தேன். இதுவும் ஒரு தவறில் பிறந்ததுதான். கொலம்பியாவில் பெட்டோ பெரஸ் என்ற ஏரோபிக்ஸ் மாஸ்டர் ஒரு நாள் வழக்கமான கேஸட்டை மறந்துவிட்டு வந்து, கையில் இருந்த சால்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். அதுதான் உலகம் முழுக்கப் பரவியது. தவறாக ஆடுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதல் உண்டா?

முதல் நாள் போகிறவர்களுக்கு அனுபவஸ்தனின் ஐந்து யோசனைகள்:

1. பத்து நிமிஷம் முன்னதாகப் போய், 'நான் புதுசு' என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். குதிக்காமல் ஆடும் சுலப முறையைக் காட்டுவார்.

2. முதலில் காலை மட்டும் கவனியுங்கள். கை தானாக வந்து சேரும்.

3. ஆடும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது இந்த வேகத்தில் உடம்பு அசையணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

4. சர்க்கரை, பி.பி., இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். ரோஷம் வேண்டாம்.

5. முதல் வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது வகுப்புக்குப் போய்விட்டு முடிவு செய்யுங்கள்.

போன வாரம் எங்கள் ஸூம்பா வகுப்பில் கல்லூரிப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். நல்ல பாரி சரீரம். தயங்கித் தயங்கிக் கடைசி வரிசைக்கு வந்து, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டான்.

எதற்காக என் பக்கத்தில் வந்து நின்றான் என்று எனக்கா தெரியாது?

சிரிச்சுக்கோ தம்பி. ஆனா, நாளைக்கும் வந்துடு!