டிரைலர் சக்கரத்திலும் காற்றை இறக்குங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையை ஒட்டி, சுமார் 120 கிலோமீட்டர் நீளத்தில், உலகின் மிகப் பெரிய மணல் தீவு கிடக்கிறது. ஃப்ரேசர் தீவு என்று நெடுங்காலம் அறியப்பட்ட இதற்கு, புட்சுல்லா பழங்குடியினரின் பெயரான ‘கர்ரி’ 2023-ல் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. கிழக்குக் கடற்கரை மணல்தான் இங்கே நெடுஞ்சாலை. வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சாலை விதிகள் அனைத்தும் அந்த மணலில் செல்லும். சிறு விமானங்களும் அதிலேயே இறங்குகின்றன.

கூடாரம், தண்ணீர், சமையல் சாமான் எல்லாவற்றையும் டிரைலரில் ஏற்றி ஃபோர் வீல் டிரைவில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முதல் சோதனை தீவுக்கு எதிரே, இன்ஸ்கிப் முனையிலேயே காத்திருக்கிறது. அங்கே படகுத்துறை கிடையாது. தட்டையான படகு கரைக்கு வந்து மணல்மீதே சரிவுப்பலகையை இறக்கும். அதை எட்டும்வரை, வண்டிகள் உழுது உழுது பொடியாக்கிய உலர்மணல். பலர் படகைப் பார்த்தபடியே அங்கு புதைந்து நிற்பார்கள்.

இஞ்சின் வலுவைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியின் நான்கு சக்கரமும் சுழன்று தன்னைத்தானே முன்னே தள்ளும். டிரைலர் சக்கரத்துக்குச் சுழற்றும் விசை கிடையாது. அது இழுபட்டு வருவது மட்டுமே. தான் அமிழ்ந்த பள்ளத்திலிருந்து கணத்துக்குக் கணம் அதை மேலே ஏற்றி இழுக்க வேண்டியிருக்கிறது. வண்டியின் தடத்திலேயே டிரைலர் சக்கரமும் உருண்டால் பாரம் குறையும். இரண்டின் அகலமும் வேறானால், டிரைலர் தனக்கென இன்னொரு பள்ளம் தோண்டிக்கொண்டு வரும். டிரைலர் வாங்கும்போதே இதை அளந்து பார்ப்பவர்களே விவரமானவர்கள்.

மருந்து காற்றில் இருக்கிறது. தார்ச்சாலையில் 35, 40 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 18, 20-க்கு இறக்கினால், மணலில் படியும் பரப்பு நீளவாக்கில் விரியும், எடை பரவும், சக்கரம் அமிழாமல் மிதக்கும். வண்டி டயரை இறக்கிவிட்டு டிரைலர் டயரை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காற்றுக் குறைந்த டயரில் வேகமும் வேண்டாம், சட்டென்று ஒடித்துத் திருப்பவும் வேண்டாம். டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடித்துவிட வேண்டும்.

இது பாலைவனம் கற்றுத்தந்த பாடம். 1920-களில் லிபியப் பாலையில் ஃபோர்டு கார்களை ஓட்டிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட், டயர் காற்றைக் குறைத்தும், புதைந்த சக்கரத்தடியில் இரும்புத் தகடுகளைச் செருகியும் மணற்கடலைக் கடந்தார். 1941-ல் மணலின் இயற்பியல் பற்றி அவர் எழுதிய நூலை அறிவியலாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இன்று வண்டிகளின் கூரையில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் அந்தத் தகடுகளின் வாரிசுகள்தாம்.

நேரமும் பார்க்க வேண்டும். கடல் வற்றும் வேளையில், நீர் வடிந்த ஈரமணல் இறுகிக் கிடக்கும். அதில் போவதே சுகம். கடல் ஏற்றம் தொடங்கினால் அந்த வழி மறைந்து, மேலேயுள்ள உலர்மணலுக்கு ஏற வேண்டிவரும். நிறுத்துவதானால் சரிவு நோக்கி நிறுத்துங்கள். பிரேக்கை அழுத்தினால் சக்கரத்தின் முன்னே மணல் குவியும். ஆக்சிலரேட்டரை விட்டு, தானாக நிற்க விடுங்கள். சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். அழுத்த அழுத்த அச்சுவரை புதையும். மண்வெட்டியால் மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்வாங்கிப் பாருங்கள். அசையவில்லையா, டிரைலரைக் கழற்றுங்கள். வண்டியைத் தனியே கெட்டி மணலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நீளமான பட்டை கட்டி டிரைலரை இழுப்பது எளிது.

இந்தத் தீவின் கிழக்குக் கரையில் ‘மஹேனோ’ என்ற கப்பல் துருப்பிடித்துக் கிடக்கிறது. 1935-ல் உடைப்புக்காக ஜப்பானுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, புயலில் இழுவைக் கயிறு அறுந்து இங்கே ஒதுங்கியது. மணலிலும் இழுக்கும்போது அறுபடும் பட்டையும் முறியும் இணைப்பும்தான் பெரிய ஆபத்து. டிரைலரை மாட்டும் இரும்புக் குண்டில் பட்டையைக் கொளுவிப் புதைந்த வண்டியை இழுக்க, குண்டு முறிந்து தோட்டாவைப் போலப் பாய்ந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. ஆகவே அந்தக் குண்டில் மீட்புப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். மீட்பதற்கென்றே தரம் குறித்துப் பொருத்திய கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும்போது பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் பட்டையின் நீளத்துக்கும் அப்பால் தள்ளி நிறுத்துங்கள்.