அம்மியும் மின்வாயும்

மழமழப்பே மேன்மை என்று கருதுவது மாந்தர் இயல்பு. அடியேனும் அவ்வாறே கருதியவன். சென்ற மாதம், பொறியியல் பயிலும் பழைய மாணவர் ஒருவர் இல்லம் வந்து அக்கருத்தை அசைத்துவிட்டார். "ஐயா, உலோகத்தை மினுக்குவதற்கன்று, பொளிவதற்கே லேசர் ஒளியைக் கையாளுகிறார்கள்" என்றார் அவர்.

நீரில் இரு மின்வாய்களை அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால், ஒருபால் ஐதரசனும் மறுபால் ஒட்சிசனும் குமிழியிடும். 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் இலண்டனில் கண்ட உண்மை இது. ஒன்பது கிலோ நீரைப் பகுத்தால் ஒரு கிலோ ஐதரசன் கிட்டும். அதற்குக் கொள்கையளவில் ஏறத்தாழ 39 அலகு மின்சாரம் போதும்; நடைமுறையிலோ பெரும்பாலும் 50 அலகுக்கு மேல் செலவாகிறது. மிகுதி வெப்பமாய் வீணாகிறது.

இவ்விழப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மின்வாயின் முகத்திலேயே உள்ளது. பிறந்த குமிழி அகலாது ஒட்டிக்கொண்டால், அவ்விடத்தை நீர் தீண்டாது. நீர் தீண்டாத இடம் உழைக்காது.

1960இல் மெய்மன் முதன்முதல் ஒளிரச் செய்த லேசரின் வழிவந்த சில கருவிகள், இன்று ஒரு நொடியின் இலட்சங்கோடியில் ஒரு கூறினும் குறுகிய துடிப்புகளை வீசுகின்றன. வெப்பம் பரவுமுன்னே நிக்கல் தகட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத குழிகளும் சால்களும் அமைந்துவிடுகின்றன. பரப்பு பெருகுகிறது, நீர் எளிதிற் படர்கிறது, குமிழிகள் சிறியனவாயிருக்கும்போதே கழன்றுவிடுகின்றன. ஆகவே குறைந்த அழுத்தத்திலேயே அதே மின்னோட்டம் பாய்கிறது. கண்டபடி கீறினால் இப்பயன் விளையாது. குழியின் அளவும் ஒழுங்கும் பொருந்தவேண்டும்.

இதைக் கேட்டதும் என் அன்னையின் அம்மி நினைவுக்கு வந்தது. தேய்ந்து வழுக்கிய அம்மியில் மிளகாய் அரைபடாது. அம்மி கொத்துபவர் லயத்துக்கு வந்து, உளியால் புள்ளி புள்ளியாகப் பொளிந்து கொடுப்பார். அதன்பின் பாதி உழைப்பில் கூட்டு அரைந்துவிடும். உளியின் தொழிலையே இன்று ஒளி செய்கிறது.

அலகுக் கணக்கு அற்பமன்றோ எனச் சிலர் வினவலாம். மஸ்கெலியாவில் வாழ்வோர்க்கு அஃது அற்பமன்று. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது எங்கள் பழைய நகரம் நீருள் மறைந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால், கோயிலின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டும். அந்நீர் ஈன்ற மின்சாரம் வெளியூர்களில் ஒளிர்ந்த காலத்தில், நான் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் நன்னூல் பயின்றேன்.

ஓர் ஊரை விலையாகக் கொடுத்துப் பெற்ற மின்சாரம் அது. நாளை ஐதரசன் ஆக்குதற்கு அது செலவிடப்படுமாயின், ஓர் அலகேனும் குமிழியின் அடியில் வீணாதல் தகாது. மின்வாயைக் கொத்துவோர் கைகள் வாழ்க!