எட்டு சிலிண்டருக்கு ஒரு கடிவாளம்!

நம்ம ஊர்ல ஒரு புது வண்டி வந்து நின்னா முதல் கேள்வி என்ன? 'என்ன மைலேஜ் கொடுக்குது?' கலர், பிக்-அப் எல்லாம் அப்புறம்தான். ஆனா, 1960-களில் அமெரிக்காவுல பவர் கார் வாங்க வந்தவங்க இதைப் பத்திப் பெருசா கவலைப்பட்டதே இல்லை. பெட்ரோல் மலிவு, ரோடு அகலம், பானெட்டுக்குள்ளே எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜின். மிதிச்சா பறக்கணும், அவ்வளவுதான்!

1973 அக்டோபர்ல அந்த சந்தோஷத்துக்கு ஆப்பு. 'உங்களுக்கு எண்ணெய் கிடையாது'ன்னு அரபு நாடுகள் கையை விரிக்க, அமெரிக்க பங்க்குகள்ல நீளநீளமா க்யூ. 1975 டிசம்பர்ல அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுல பிறந்ததுதான் 'கஃபே' விதி. காபி குடிக்கிற கஃபே இல்லை பாஸ்! ஒரு கம்பெனி விற்கிற கார்களோட சராசரி மைலேஜ் இவ்வளவு இருந்தே ஆகணும்னு சொல்ற விதி. 1978 மாடல்களுக்கு லிட்டருக்கு சுமார் 7.7 கி.மீ., 1985-க்கு 11.7 கி.மீ. குறைஞ்சா அபராதம்.

டாப்பர் காப்பாத்துவாரா?

'சராசரிதானே? நாலு சின்ன காரை வித்துட்டு ஒரு முரட்டு காரையும் வித்துடலாமே'ன்னு தோணுதா? கிளாஸ் ஆவரேஜை டாப்பர் தூக்கி நிறுத்தற கதை இங்கே முழுசா பலிக்காது. லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கற கார் ஒண்ணு, 20 கொடுக்கறது ஒண்ணு. சராசரி 15-னு சொன்னா மார்க் போச்சு! ரெண்டும் ஒரே தூரம் ஓடினா எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்னுதான் கணக்கு. அப்படிப் பார்த்தா 13.3 தான் வரும். அதாவது, குடிகார இன்ஜின் சராசரியை ரொம்பவே கீழே இழுத்துடும்.

அது போதாதுன்னு, 1978-ல வந்த இன்னொரு சட்டம் அதிகமா எண்ணெய் குடிக்கிற கார்களுக்குத் தனி வரியே போட்டது.

பழி யார் மேல?

1975 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்க. 5.7 லிட்டர் வி-8, ஆனா சாதாரண மாடலோட பவர் வெறும் 165 குதிரை! 'மைலேஜ் விதி வந்து இன்ஜினைக் கொன்னுடுச்சு'ன்னு பல பேர் சொல்வாங்க. வருஷத்தைக் கவனிச்சீங்களா? மைலேஜ் விதி அமலுக்கு வந்ததே 1978 மாடலுக்குத்தான். புகையைக் குறைக்கிற விதிகளுக்காக கம்ப்ரஷனைக் குறைச்சது, 1972-ல பவரை அளக்கிற முறையே மாறினது... இதெல்லாம்தான் முக்கியக் காரணம்.

சரி, மைலேஜ் விதி என்னதான் செஞ்சது? இன்ஜினியர்களை யோசிக்க வெச்சது. முதல் யோசனை செம சொதப்பல். 1981-ல காடிலாக் கம்பெனி, தேவைக்கேத்த மாதிரி 8, 6, 4 சிலிண்டர்ல ஓடற இன்ஜினைக் கொண்டு வந்தது. அன்னிக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை. ஒரே வருஷத்துல பெரும்பாலான மாடல்கள்ல இருந்து தூக்கிட்டாங்க.

அடுத்தது 1989 கார்வெட். மெதுவா ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டினா, முதல் கியர்ல இருந்து ரெண்டாவதுக்கே போக விடாது; லிவர் நேரா நாலாவதுக்குப் போகும்! மைலேஜ் டெஸ்ட்டுல பாஸாகி, அந்தத் தனி வரியில இருந்து தப்பிக்கத்தான் இந்த வித்தை. வாங்கினவங்கள்ல பல பேர் கடுப்பாகி அதைக் கழட்டிவிட்டதும் நடந்தது. டெஸ்ட்டுக்காகப் படிச்சா அப்படித்தான்!

மூச்சு முட்டாத இன்ஜின்

நிஜமான விடை கிடைக்க ரொம்ப வருஷம் ஆச்சு. ஹைவேயில சீரா போகும்போது காருக்குத் தேவையான பவர் கொஞ்சம்தான். அதனால த்ராட்டில் லேசா மட்டும் திறந்திருக்கும். ஸ்ட்ராவை நசுக்கிப் பிடிச்சு ஜூஸ் உறிஞ்சிப் பாருங்க... அதே கஷ்டம்தான் இன்ஜினுக்கும். காத்தை உறிஞ்சவே பவர் வீணாகும். நாலு சிலிண்டரோட வால்வுகளை மூடி, எரிபொருளை நிறுத்திட்டா? மிச்சம் நாலும் த்ராட்டிலை நல்லா திறந்துக்கிட்டு தாராளமா மூச்சு விடும்.

2014 கார்வெட்டுல இதுவும் வந்தது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியா பெட்ரோலைப் பீய்ச்சற முறை, அலுமினிய ஃபிரேம், ஏழு கியர் எல்லாம் கூடவே வந்தது. 6.2 லிட்டர் இன்ஜின், 455 குதிரை பவர். ஹைவேயில லிட்டருக்கு சுமார் 12 கி.மீ.! 1975-ல லிட்டருக்கு 29 குதிரை கொடுத்த வி-8, இப்போ 73 கொடுத்தது.

அதுக்காக விதி ரொம்ப உத்தமம்னு நினைச்சுடாதீங்க. பிக்-அப் டிரக், எஸ்.யூ.வி. மாதிரி வண்டிகளுக்குத் தனியா ஒரு சுலபமான அளவு வெச்சாங்க. குடிகார வரியும் அதுங்களுக்குக் கிடையாது. ஓட்டை எந்தப் பக்கமோ, விற்பனையும் அந்தப் பக்கமே சாஞ்சது.

இப்போ கதையில புது ட்விஸ்ட். 2025 ஜூலையில கையெழுத்தான ஒரு அமெரிக்கச் சட்டம், இந்த அபராதத்தை பூஜ்யம் டாலர் ஆக்கிடுச்சு. எக்ஸாம் உண்டு, ஆனா ஃபெயிலே கிடையாதுன்னு சொன்னா எத்தனை பேர் படிப்போம்?

நம்ம நாட்டுலயும் 2017-18-ல இருந்து கார் கம்பெனிகளுக்கு இதே மாதிரி சராசரிக் கணக்கு இருக்கு. 2022-23-ல அதை இன்னும் இறுக்கினாங்க. நாளைக்கு இன்ஜின் டிசைன் பண்ணப் போற மெக்கானிக்கல் மக்களே, 'விதி கையைக் கட்டுது'ன்னு சீனியர் யாராவது புலம்பினா அந்த ரெண்டு கார்வெட்டையும் காட்டுங்க. 165-ம், 455-ம் பதில் சொல்லும்!